ஆய்விதழ்களும் அறிவின் வாயிலும்

கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாகப் போற்றி வந்த கொள்கை. ஆயினும், கொடுக்கக் குறையாத அச்செல்வமும் பூட்டி வைக்கப்படுமாயின் எவர்க்கும் உதவாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பழந்தமிழ் நூல்கள் பல மடங்களிலும் வித்துவான்களின் இல்லங்களிலும் ஏட்டுச் சுவடிகளாய்க் கிடந்து செல்லரித்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். அதனால், ஏடு வைத்திருந்தோரின் தயவை நாடாமலே அந்நூல்களைக் கற்கும் நிலை பிறந்தது. அன்று ஏட்டுச் சுவடிகளைக் குறித்து எழுந்த வினாவே இன்று உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் குறித்தும் எழுந்துள்ளது. அவற்றைப் படிக்கும் உரிமை யார்க்கு உண்டு? எழுதி வெளியிடும் வாய்ப்பு யார்க்கு உண்டு? இவ்விரண்டு வினாக்களையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். ஒன்றை விடுத்து மற்றொன்றுக்கு மட்டும் விடை காண்பது போதாது.

ஆய்விதழ் என்பது, புதிதாகக் கண்டறியப்பட்டதை அறிஞர் உலகுக்கு முறைப்படி அறிவிக்கும் பருவ வெளியீடாகும். 1665 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் ஓர் இதழும் இலண்டன் மாநகரில் ஓர் இதழும் தோன்றின. இலண்டன் இதழை ரோயல் சொசைற்றியின் செயலாளராகிய ஹென்றி ஒல்டன்பேர்க் நடத்தினார். அதற்கு முன்னர், ஒருவர் கண்ட உண்மை பெரும்பாலும் கடித வாயிலாகச் சிலருக்கே எட்டியது. இதழ் தோன்றியபின், யார் முதலிற் கண்டார் என்பது நாளிட்டுப் பதிவாயிற்று. அத்துறையில் வல்லார் கட்டுரையைச் சோதித்து ஏற்றபின்னரே வெளியிடும் முறை காலப்போக்கில் வேரூன்றியது. பதிவு, சோதனை, பரப்பல், பாதுகாப்பு என்னும் நான்கும் ஆய்விதழின் கடமைகள் எனலாம்.

இவ்விதழ்களின் பொருளாதாரம் வேறெந்த வாணிகத்திலும் காண்டற்கரியது. செய்தித்தாளில் எழுதுவோர் ஊதியம் பெறுவர். ஆய்விதழில் எழுதுவோர் பெறுவதில்லை. கட்டுரையைச் சோதிக்கும் மதிப்பீட்டாளர்க்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஆய்வுக்கான செலவை அரசாங்கமோ பல்கலைக்கழகமோ ஏற்கின்றது. இவ்வளவும் நிகழ்ந்தபின், வெளிவந்த இதழை அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் விலைகொடுத்து வாங்க வேண்டியுள்ளது. விதைத்து அறுத்தவனே தன் வயலின் நெல்லைக் கடையிற் காசுக்கு வாங்குவது போன்றது இது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆராய்ச்சி பெருகவே, பெருவணிகர் இத்துறையிற் புகுந்தனர். 1951 இல் றொபேட் மக்ஸ்வெல் தம் கைக்குட்படுத்திய பேர்கமன் நிறுவனம் நூற்றுக்கணக்கான இதழ்களை வெளியிடும் நிலைக்கு வளர்ந்து, 1991 இல் எல்சேவியர் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஓர் ஆய்விதழுக்கு ஈடாக மற்றோர் இதழை வாங்கிவைத்தல் இயலாது. அதிலுள்ள கட்டுரை இதில் இராது. ஆகலின், சந்தா ஆண்டுதோறும் ஏறினும் நூலகங்கள் எளிதில் விலக முடியவில்லை.

இலங்கையின் ஆய்விதழ் மரபு இதனின் வேறானது. 1845 இல் நிறுவப்பட்ட ரோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை தன் இதழை வெளியிட்டது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் இதழ் 1887 ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய மறு ஆண்டாகிய 1943 இல் அதன் ஆய்விதழும் வெளிவரலாயிற்று. தனிநாயகம் அடிகளார் 1952 இல் தொடங்கிய ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் இதழ், தமிழாராய்ச்சியைப் பிறநாட்டு அறிஞரின் பார்வைக்குக் கொண்டு சென்றது. இவற்றை நடத்தியோர் இலாபம் கருதிய வணிகர் அல்லர். சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் தொண்டுள்ளங் கொண்ட அறிஞருமே ஆவர். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இனி, வாயிலுக்கு வெளியே நிற்பவரை நோக்குவோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பகலிற் பாடசாலையிற் கற்பித்து, இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் ஓர் ஆசிரியரை எண்ணுக. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அவர்க்கு நல்ல நூல்களை உதவும். ஆனால், விலைமிக்க வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கெல்லாம் சந்தா செலுத்துவது தனியொரு சங்கத்தின் வலிமைக்கு அப்பாற்பட்டது. பல்கலைக்கழகம் சந்தா செலுத்தியிருப்பினும், அவ்வுரிமை பெரும்பாலும் உள்வாரி மாணவர்க்கும் விரிவுரையாளர்க்குமே உரியது. கணினித் திரையிலே கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் தோன்றும்; அதற்குமேற் படிக்க முப்பது நாற்பது டொலர் கேட்கப்படும். கட்டுரை பயனுடையதா என்பதை அறியுமுன்னரே விலை கொடுக்கும் வசதி எத்தனை ஆசிரியர்க்கு உண்டு? சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலக விதிகள், நூலின் பயன் அது கற்பாரைச் சேர்வதில் உள்ளது என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. பணம் படைத்தோர்க்கே திறக்கும் கட்டுரை அவ்விதிகளுக்கு மாறானது என்பது வெளிப்படை.

இந்நிலையை மாற்ற எழுந்த இயக்கமே திறந்த அணுக்கம் எனப்படுவது. 1991 இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்திலே போல் ஜின்ஸ்பாக் என்னும் பௌதிகவியலாளர், அச்சுக்கு முற்பட்ட கட்டுரைகளை இலவசமாகப் பகிரும் மின்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார். 2002 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் வெளியான புடாபெஸ்ற் அறிக்கை இக்கொள்கைக்கு வடிவந் தந்தது. எவரும் கட்டணமின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், பகிரவும் கட்டுரை திறந்திருத்தல் வேண்டும். ஆசிரியரின் பெயரும் அவரது ஆக்கத்தின் செம்மையும் மட்டும் காக்கப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு இரு வழிகள் கூறப்பட்டன. கட்டுரையாளர் தம் கட்டுரையின் ஒரு படியைப் பொதுக் களஞ்சியத்தில் இடுதல் ஒன்று. இதழையே இலவசமாக வெளியிடுதல் மற்றொன்று.

இலங்கையில் இரு வழிகளும் கைக்கொள்ளப்பட்டுள்ளன. யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் மின்களஞ்சியங்களை நடத்துகின்றன. 2008 இல், பிரித்தானியாவைச் சேர்ந்த தொண்டு நிறுவனமொன்றின் துணையோடு, இலங்கை ஆய்விதழ்களை ஒருங்கே இணையத்திற் காட்டும் தளம் ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் அதனை நடத்தும் பொறுப்பு கொழும்பிலுள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தைச் சேர்ந்தது. மருத்துவச் சங்கத்தின் பழம்பெரும் இதழையும் தேசிய விஞ்ஞான மன்றத்தின் இதழையும் இன்று எவரும் அங்கே இலவசமாகப் படிக்கலாம். முன்னர்க் கூறிய வேறுபாட்டின் பயன் ஈண்டு விளங்கும். இலாபத்துக்காக நடத்தப்படாத இதழ்கள் ஆகலின், அவை தம் வாயிலைத் திறப்பதற்குப் பெருந்தடை இருக்கவில்லை.

பெருவணிகரோ வேறு வழி கண்டனர். படிப்போரிடம் கேட்ட பணத்தை எழுதுவோரிடம் கேட்கலாயினர். ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற இதழ், 2021 முதல் கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ, அஃதாவது 11,390 டொலர், கட்டணம் விதித்தது. டொலர் ஒன்று 300 ரூபாய் எனக் கொள்ளின் இது 34 இலட்சம் ரூபாயாகும். எல்லா இதழ்களும் இவ்வளவு கேட்பதில்லை. வறிய நாட்டார்க்குச் சலுகை அளிப்பனவும் உண்டு. எனினும், சலுகை என்பது பிறர் விருப்பத்தைப் பொறுத்தது, உரிமை அன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், டொலரின் பெறுமதி சில மாதங்களுள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை உயர்ந்தது. முதல் நாள் எட்டும் தொலைவில் இருந்த கட்டணம் மறுநாள் எட்டாக்கனியாயிற்று. படிப்போர்க்கு வாயில் திறந்தது. எழுதுவோர்க்கு அதே வாயில் அடைக்கப்பட்டது. அன்றியும், பணம் பெற்றுக்கொண்டு எவ்விதச் சோதனையுமின்றி எதையும் வெளியிடும் போலி இதழ்கள் பல இம்முறையின் நிழலிலே முளைத்தன. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை தேடும் இளம் ஆய்வாளர் பலர் அவற்றின் வலையில் வீழ்ந்தனர்.

அரசாங்கமே விலை கொடுத்தால் என்னை எனின், அயல்நாடாகிய இந்தியா அதனைச் செய்து பார்க்கின்றது. 2024 நவம்பரில் அந்நாட்டு அமைச்சரவை, 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரச உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அரச ஆய்வு நிலையங்களுக்கும் பெற்றுத் தரும் திட்டத்தை ஏற்றது. பயன் பெரிதாயினும், இத்தகைய திட்டத்தில் நிறுவனத்துக்கு வெளியே தனித்துக் கற்பவர் வெளியேதான் நிற்பார். அத்துணைச் செலவு இலங்கை போன்ற சிறு நாட்டுக்கு ஆற்றவொண்ணாதது என்பதையும் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, படிப்போரிடமும் எழுதுவோரிடமும் பணம் கேளாத மூன்றாம் வழியே இந்நாட்டுக்கு ஏற்றது. சங்கமோ பல்கலைக்கழகமோ செலவை ஏற்று இதழை நடத்துவது அவ்வழி. இலவச இதழ் தரம் குறைந்ததாகாதோ எனச் சிலர் ஐயுறுவர். தரத்தைத் தருவது விலையன்று. மதிப்பீட்டாளரின் நடுநிலையான சோதனையே ஆகும். அச்சோதனைக்கு விலையுயர்ந்த இதழ்களும் ஊதியம் கொடுப்பதில்லை என்பதை முன்னரே கண்டோம். ஆயினும் இலவசம் என்பது செலவின்மை அன்று. மெய்ப்புத் திருத்தவும், பக்கம் அமைக்கவும், தளத்தைப் பேணவும் ஆளும் பொருளும் வேண்டும். அவற்றை ஆண்டுதோறும் ஒதுக்காத நிறுவனத்தின் இதழ் இரண்டோ மூன்றோ வெளிவந்து நின்றுபோகும்; தமிழில் அவ்வாறு நின்ற இதழ்கள் பல.

தமிழைப் பொறுத்தவரை இப்பணி மேலும் இன்றியமையாதது. இலங்கை ஆய்விதழ்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. தமிழில் எழுதப்பட்ட ஆராய்ச்சிகள் மலர்களிலும் சிறு சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாதவை மீளாது போயின. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் இல்லாதாகலாம் என்பது அந்நெருப்பு கற்பித்த பாடம். 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், ஈழத்தமிழரின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் பல்லாயிரக்கணக்கில் மின்வடிவாக்கி, எவரும் படிக்கத் திறந்து வைத்துள்ளது. வெளிவாரி மாணவர்க்குக் கிடைத்த பெரும்பேறு இது. இவ்விடத்தில் ஒன்று கருதற்பாலது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளோடு அவர் மறைந்தபின் மேலும் 70 ஆண்டுகள் நீடிக்கும். ஆகலின், ஆக்கியோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இசைவு தந்தாலன்றி அண்மைக்கால ஆக்கங்களைத் திறத்தல் இயலாது. ஒரு கையெழுத்து நல்குவது பொருட்செலவில்லாத கொடை. ஆயினும் அக்கொடையால் ஒரு நூல் மறுபிறவி எடுக்கும்.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. தமிழ்ச் சங்கங்களும் கல்லூரிகளும் தாம் வெளியிடும் ஒவ்வொரு மலரின் மின்படியையும் பொதுக் களஞ்சியத்திற் சேர்த்தல் வேண்டும். விரிவுரையாளர் தம் தமிழ்க் கட்டுரைகளைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இடுதல் வேண்டும். ஆய்விதழ் நடத்துவோர் காலந் தவறாமையையும் மதிப்பீட்டு நெறியையும் உயிரெனக் காத்தல் வேண்டும். அன்று ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த தமிழ் தனியொருவரின் உழைப்பாலும் பொருளிழப்பாலும் வந்தது. இன்று அச்சிலிருந்து மின்வடிவுக்கு வரும் தமிழைப் பலர் கூடித் தாங்குதல் அரிதன்று. அவ்வாறு தாங்குவார்களாயின், பகலிற் கற்பித்து இரவிற் கற்கும் ஆசிரியர் வாயிலின் வெளியே நிற்க வேண்டியதில்லை. அவர் உள்ளே புகுந்து கற்பதோடு, தாம் கண்டதை எழுதி அக்களஞ்சியத்தை வளர்ப்பவரும் ஆவார்.