கறுப்பு மண்ணும் தேங்கிய நீரும்

அமெரிக்க நாட்டின் இல்லினாய், ஐயோவா மாநிலங்களில் மக்காச்சோளம் செழிக்கும் கறுப்பு நிலங்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றுட் பல முன்னாளில் நீர் வடியாத ஈரப் புல்வெளிகளாய்க் கிடந்தன என்பதை நம்மில் அறிவோர் சிலரே.

அடியில், பனிப்பாளங்கள் அரைத்து விட்டுச்சென்ற களியும் கல்லும் கலந்த இறுகிய படுகை உள்ளது; அதற்கு 'டில்' என்று பெயர். அதன்மேல், பனி உருகியோடிய ஆற்றுப் படுகைகளிலிருந்து காற்று வாரிக் கொணர்ந்த 'லோயஸ்' என்னும் நுண்வண்டல் படிந்துள்ளது. மேல்மண் நீரை ஏற்கும். அடிப்படுகையோ எளிதில் கீழே விடாது. நிலமும் சமதளம். ஆகவே, இளவேனிலில் நீர் வேரளவுக்கு ஏறி நின்றுவிடும். நீர் நின்ற மண்ணிற் காற்றுப் புகாமையால் புல்வேர்கள் மெல்லவே மக்கின. அவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்த மக்கே அக்கருமை. ஏரைத் தடுத்த நீரே வளத்தையும் சேர்த்தது! ஓரிரு முழம் தோண்டினால் கருமை மறைந்து, சாம்பல் நிற மண்ணும் துருப்புள்ளிகளும் தோன்றும். வடிகால் அமைத்த பின்னரும் அவ்வடையாளம் எளிதில் அழிவதில்லை.

உழவர்கள் சுட்ட மண் குழாய்களை நிலத்தடியிற் பதித்து நீரை வடித்தனர். ஆனால், ஒருவர் வடித்த நீர் அடுத்தவர் வயலில் அன்றோ பாயும்? எனவே, 1879-இல் இல்லினாய் மாநிலம் வடிகாற் சட்டம் இயற்றி, நிலமுடையோர் வட்டமாகக் கூடி, அவரவர் பெறும் பயனுக்கேற்ப வரி செலுத்திப் பொதுக் கால்வாய் வெட்ட வழி செய்தது.

இன்று அக்குழாய்கள் வழியே நைட்ரேட்டும் ஒழுகி, மிஸ்ஸிஸிப்பி ஆற்றின் வாயிலாகக் கடலைச் சேர்ந்து, கோடைதோறும் அடிநீரிற் பிராணவாயு குறையக் காரணமாகிறது. உரத்தைப் பயிர் வேண்டும் பொழுதில், வேண்டும் அளவே இடுமாறு அங்குள்ள வேளாண் அறிஞர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.