தேயிலைத் தொழிற்சாலையும் விளிம்புக் கணிமையும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைச்சாரல்களிலே தேயிலை வேரூன்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தைப் பண்படுத்தித் தேயிலை பயிரிட்டமையே இலங்கையின் தேயிலைத் தொழிலுக்குத் தோற்றுவாய் என்பர். அன்று கொழுந்தின் பதத்தைக் கையும் மூக்கும் அறிந்தன. இன்று அவ்வறிவிற்குத் துணையாக உணரிகளும் கணினிகளும் வந்துள்ளன. உணரி கண்டதை எவ்விடத்து ஆராய்வது, எவ்விடத்து முடிவு செய்வது என்பதே ஈண்டு எழும் வினா. அவ்வினாவிற்கு விடையாக அமைந்த முறையே விளிம்புக் கணிமை.

விளிம்பு என்பது யாது? தொலைவிலுள்ள பெருங்கணினி நிலையத்தை மையமாகக் கொண்டால், தரவு பிறக்கும் இடம் அவ்வமைப்பின் விளிம்பாகும். தரவு முழுவதையும் மையத்துக்கு அனுப்பி ஆராய்வது முகிற் கணிமை. பிறந்த இடத்திலேயே சிறு கணினியொன்றால் ஆராய்ந்து, வேண்டுவனவற்றை மட்டும் மையத்துக்கு அறிவிப்பது விளிம்புக் கணிமை. தீயிற் பட்ட கை, மூளையின் ஆணைக்குக் காத்திராது முண்ணாணின் ஏவலால் விலகுகின்றது. செய்தி பின்னரே மூளையை எட்டுகின்றது. இயற்கை வகுத்த இவ்வொழுங்கையே இம்முறையும் பின்பற்றுகின்றது.

இதன் பயனை உணரத் தேயிலைத் தொழிற்சாலையினுள்ளே சென்று நோக்குதல் வேண்டும். பச்சைக் கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ முக்காற் பங்கிற்கு மேற்பட்டது நீரே. கொழுந்து வாட்டுத் தொட்டிகளிற் பரப்பப்பட்டு, கீழிருந்து விசிறி செலுத்தும் காற்றினாற் பல மணி நேரம் வாட்டப்படும். பின்னர் உருட்டப்படும், உருட்டுகையில் உடைந்த கலங்களிலிருந்து வெளிப்படும் சாறு காற்றோடு கலக்க, நொதியங்களின் செயலால் ஒட்சியேற்றம் நிகழும். தோட்டத்தவர் இதனைப் புளிக்கவைத்தல் என்பர். உரிய வேளையில் வெப்பமூட்டி இச்செயலை நிறுத்தி, ஈரம் நூற்றுக்கு மூன்றளவாகுமாறு உலர்த்துவர். ஒரு படியிலே தவறிய பதத்தை அடுத்த படியிலே மீட்க இயலாது. மிகுதியாக வாடிய கொழுந்தை எந்தக் கணக்கேடும் மீண்டும் பச்சையாக்காது.

வாட்டுதலை நெறிப்படுத்துவது காற்றின் உலர்த்தும் ஆற்றல். உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் இரண்டின் வேறுபாட்டினால் அது அளக்கப்படும். வேறுபாடு குறைந்தால் காற்று ஈரம் மிக்கது. வெப்பக் காற்றைக் கலத்தல் வேண்டும். வேறுபாடு மிகுந்தால் வெப்பத்தைக் குறைத்தல் வேண்டும். கண்டிப் பகுதியில் மழையும் வெயிலும் ஒரே நாளில் மாறி மாறி வருதலின், இத்தீர்மானம் இரவு பகலாகப் பன்முறை செய்யப்பட வேண்டியதாகும்.

ஓர் எடுத்துக்காட்டு. தொழிற்சாலையொன்றில் 40 உணரிகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒருமுறை அளக்கின்றது என்றும் கொள்வோம். ஒரு நாளில் 34 இலட்சத்து 56 ஆயிரம் அளவீடுகள் திரளும். இவற்றையெல்லாம் தொலைவுக்கு அனுப்புதல் வீண்செலவு. விளிம்புக் கணினி ஒவ்வோர் உணரிக்கும் 15 நிமிடத்துக்கு ஒரு சுருக்கம் ஆக்கினால், அனுப்பவேண்டியவை 3,840 மட்டுமே. அஃதாவது தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு.

எனினும், செலவுக் குறைவே இம்முறையின் தலையாய பயன் அன்று; விரைவும் அன்று. இணைப்புச் செவ்வனே இருக்கும்போது கடல்கடந்த கணினி நிலையமும் ஒரு வினாடிக்குள்ளே மறுமொழி தரும். வாட்டுதலுக்கு அது போதும். இணைப்பு அறும்போது யாது நிகழும் என்பதே மெய்யான வினா. 2022இல் இலங்கையிலே மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. பாதைகளும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டன. அத்தகைய வேளையில் தொலைவிலுள்ள அறிவு எத்துணைப் பெரிதாயினும் பயன்படாது. மின்கலத்தின் துணையோடு இயங்கும் சிறு கணினியோ தன் கடமையைத் தொடரும்.

அதன் கடமைகள் நான்கு. முதலாவது, அளவீட்டின் மெய்ம்மையைச் சோதித்தல். ஈரக்குமிழைச் சுற்றிய திரி உலர்ந்துபோனால் இரு வெப்பமானிகளும் ஒரே அளவைக் காட்டும். அதனை நம்பும் கணினி, காற்று ஈரம் நிறைந்தது எனக் கருதி வெப்பத்தைக் கூட்டும். கொழுந்தோ அளவிறந்து வாடும். அயல் தொட்டியின் அளவோடு ஒப்பிட்டு இப்பிழையை அறிதல் வேண்டும். இரண்டாவது, வகுத்த விதிப்படி விசிறியை இயக்குதலும் தேயிலை தயாரிப்பாளரை எச்சரித்தலும். மூன்றாவது, சுருக்கம் ஆக்குதல். நான்காவது, இணைப்பு அற்றபோது சுருக்கங்களை நேரக்குறியும் வரிசை எண்ணும் இட்டுச் சேமித்து, இணைப்பு மீண்டபின் அனுப்புதல். வரிசை எண் இன்றேல், ஒரே கொழுந்து நிறை கணக்கிலே இருமுறை ஏறிவிடக்கூடும்.

இக்கருத்துப் பல வழியாக வளர்ந்தது. எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணித்தற்பொருட்டு, குறைந்த தரவுடன் செய்தி அனுப்பும் எம்கியூடீடீ என்னும் நெறிமுறை 1999இல் வகுக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான மகாதேவ் சத்தியநாராயணன், ஏனைய அறிஞர்களுடன் 2009இல் வெளியிட்ட கட்டுரை, பயனருக்கு அண்மையிலே சிறு கணினி நிலையங்கள் அமைய வேண்டியதன் காரணங்களை விளக்கிற்று.

இனி, வணிக அமைப்புக்கு இதனால் விளைவது யாது? கொழுந்து நிறை, வாட்டிய நேரம், எரிந்த விறகு, செலவான மின்சாரம், கிடைத்த தேயிலை ஆகியவை ஒரே கணக்கில் இணைகின்றன. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020இல் மின்னணு முறைக்கு மாறிற்று. ஏலத்தில் ஒரு தொகுதி பெற்ற விலையை, அது வாட்டப்பட்ட இரவின் அளவீடுகளோடு ஒப்பிட்டு நோக்க இன்று இயலும். பல தொழிற்சாலைகளை ஒப்பிடும் இவ்வாராய்ச்சி மையத்துக்கே உரியது. விளிம்பிலுள்ள கணினி தன் கூரைக்குக் கீழுள்ளதை மட்டுமே அறியும். ஆகவே இரண்டும் பகைமுறைகள் அல்ல, தொழிற்பிரிவினையே என்க.

கொழுந்து நிறுக்கும் தராசும் ஓர் உணரியே என்பதை மறத்தலாகாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் வருவாய் அவ்வெண்ணைத் தழுவியது. நிறையும் கழிவும் அவர் கண்முன்னே தமிழிலும் சிங்களத்திலும் காட்டப்பட்டு, அவர் கையிற் சீட்டாகவும் சேருமாயின், அந்த எண் நம்பிக்கைக்கு உரியதாகும். மறைவிடத்திற் கணக்கிடப்படின், புதிய கருவியும் பழைய ஐயத்தையே வளர்க்கும்.

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு இம்முறை உயிர்காப்பும் ஆகலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு எச்சரிக்கை, 24 மணி நேரத்தில் பெய்த மழை 75, 100, 150 மில்லிமீற்றர் ஆகிய எல்லைகளைக் கடப்பதைக் கொண்டு படிப்படியாக உயர்வது. இவ்விதியைத் தோட்டத்து மழைமானியோடு இணைந்த சிறு கணினியிற் பொருத்திவைத்தால், கொழும்புடன் தொடர்பு அற்ற இரவிலும் அது லயன்களை எழுப்பும் மணியை அடிக்கும்.

கருவி பழுதுறும்; திரியை நனைப்பதற்கும் உணரியைச் சரிபார்ப்பதற்கும் மனிதர் வேண்டும். ஒரு வகையில் விளிம்புக் கணிமை மலையகத்துக்குப் புதிதன்று. நள்ளிரவில் கொழுந்தை முகர்ந்து பார்த்து, கொழும்பின் உத்தரவுக்குக் காத்திராது தீர்மானித்து, காலையிற் கணக்கை அலுவலகத்துக்கு அனுப்பிய பழைய தேயிலை தயாரிப்பாளர் செய்ததும் இதுவே. அருகிலிருந்து முடிவு செய்து தொலைவுக்கு அறிவித்த அம்முறையினையே கருவிகளும் இன்று கற்றுக்கொள்கின்றன.