எங்கும் இயங்கும் நிரல்

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. விற்போரும் வாங்குவோரும் வைத்திருக்கும் திறன்பேசிகளின் நிறுவனம் வேறு, விலை வேறு, உள்ளிருக்கும் நுண்செயலியும் வேறு. ஆயினும், பணம் செலுத்தும் ஒரே செயலி அவற்றுள் பெரும்பாலானவற்றில் இயங்குகிறது. இஃது எவ்வாறு இயன்றது?

மெய்நிகர் இயந்திரம்

ஒவ்வொரு வகை நுண்செயலிக்கும் தனித்த கட்டளைத் தொகுதி உண்டு. ஒன்றுக்கென ஆக்கப்பட்ட நிரல் மற்றொன்றுக்கு விளங்காது. இத்தடையை நீக்க எழுந்த மொழியே ஜாவா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் உள்ளிட்ட குழுவினர் 1991இல் தொடங்கிய ஆய்வின் பயனாக, 1995இல் அது வெளியிடப்பட்டது.

ஜாவா நிரல் முதலில் ‘பைட்குறி’ என்னும் இடைநிலை வடிவத்திற்கு மாற்றப்படுகிறது. கருவியிலுள்ள ‘மெய்நிகர் இயந்திரம்’ என்னும் மென்பொருள் அதனைப் படித்து, அக்கருவியின் நுண்செயலிக்குரிய கட்டளைகளாக நிறைவேற்றுகிறது. கருவிக்கேற்ப மாற வேண்டியது மெய்நிகர் இயந்திரமே, நிரல் அன்று.

இந்தியாவின் முயற்சி

லினக்ஸ், எவரும் பெற்றுத் திருத்திப் பயன்படுத்தத்தக்க கட்டற்ற இயங்குதளம். அதனைக் கொண்டு எளிய மக்களுக்கான கையடக்கக் கணினியை உருவாக்க இந்தியாவும் முயன்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் இணைந்து வடிவமைத்த ‘சிம்ப்யூட்டர்’ 2001இல் அறிமுகமானது. ஒரே கருவியை ஊரார் பலர் திறன் அட்டை வாயிலாகப் பகிர்ந்துகொள்ளவும், எழுத்தறியாதோர் செய்தியைக் கேட்டறியவும் அது திட்டமிடப்பட்டது. நோக்கம் உயர்ந்ததாயினும் விற்பனை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை.

கதவு திறந்தது

நோக்கியா நிறுவனம் 2005இல் ‘770’ என்னும் லினக்ஸ் இணையக் கருவியை வெளியிட்டது. அதன் நினைவகம் 64 மெகாபைட் மட்டுமே. ஜாவா அதில் இடம்பெறவில்லை. அக்காலத்தில் சன் நிறுவனத்தின் ஜாவா கட்டற்ற உரிமத்தில் கிடைக்கவில்லை. ஆர்வலர்கள் சோர்ந்துவிடவில்லை. ‘ஜாம்விஎம்’ என்னும் சிறிய மெய்நிகர் இயந்திரத்தையும், ‘குனு கிளாஸ்பாத்’ என்னும் கட்டற்ற நிரல் நூலகத்தையும் இணைத்து, இத்தகைய சிறு கருவிகளிலும் ஜாவா நிரல்களை இயக்கினர். 2006 நவம்பரில், ஜாவாவின் மூல நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவதாகச் சன் நிறுவனமும் அறிவித்தது.

2008இல் ஆண்ட்ராய்டு திறன்பேசி விற்பனைக்கு வந்தது. அதன் அடித்தளம் லினக்ஸ். அதன் செயலிகள் பெரிதும் ஜாவாவில் எழுதப்பட்டன. குறைந்த நினைவகத்திற்கேற்ப வடிவமைக்கப்பட்ட ‘டால்விக்’ என்னும் மெய்நிகர் இயந்திரம் அவற்றை இயக்கியது. அதனிடத்தை இன்று ‘ஏஆர்டி’ ஏற்றுள்ளது. அது பைட்குறியின் பகுதிகளை அந்தந்த நுண்செயலியின் மொழிக்கு முன்னரே மாற்றி வைப்பதால் செயலிகள் விரைந்து இயங்குகின்றன.

நிரலைக் கருவியிலிருந்து பிரித்தது முதற்படி. மூல நிரலை அனைவருக்கும் திறந்து வைத்தது அடுத்த படி. இவ்விரண்டும் இணைந்ததால், விலை குறைந்த திறன்பேசி வைத்திருப்பவருக்கும் விலை உயர்ந்ததை வைத்திருப்பவருக்கும் ஒரே செயலி கிட்டுகிறது. இனி, ஊர்ச் சந்தைக்கு வேண்டிய செயலியைத் தமிழில் எழுத விழையும் மாணவர் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. ஒருமுறை நன்கு எழுதினால் போதும்.