பரீட்சை மண்டபத்தில் கை நடுங்கினால்...

மாணவர்களே, சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது என் வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி பாடத்தைப் பற்றியதல்ல. "சேர், வீட்டில் எல்லாம் செய்கிறேன். மண்டபத்தில் உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது." இதற்குப் "பயப்படாதே" என்பது விடையாகாது. சொன்னவுடன் பயம் போய்விடுமா?

உடலில் நடப்பதை முதலில் அறிந்துகொள்வோம். நான் கலைப் பட்டதாரி. ஆகவே விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் கேட்டே இதை எழுதுகிறேன். சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் அதிரீனலினைச் சுரந்ததும் இதயம் விரைவாகத் துடிக்கிறது. சமிபாட்டுத் தொகுதிக்குச் செல்லும் குருதி குறைவதால் வயிற்றைப் பிசைகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்கு உதவும் அதே ஆயத்தம்தான் இது. நோயல்ல. (நுவரெலியாப் பக்கத்தில் காலைக் குளிருக்கும் விரல் நடுங்கும். அதையும் பயமென்று எண்ணிவிடாதீர்கள்!)

அப்படியானால் புள்ளியைக் குறைப்பது எது? 1967இல் லீபேர்ட், மொறிஸ் என்னும் உளவியலாளர்கள் பரீட்சைப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று உடலின் படபடப்பு. மற்றையது மனக்கவலை, "சித்தியடையாவிட்டால் அப்பா என்ன சொல்வார், அம்மா கொழுந்து பறித்துக் கட்டிய வகுப்புக் காசு வீணாகுமே" என்று உள்ளே ஓடும் பேச்சு. குறைந்த புள்ளிகளோடு கூடுதலாகத் தொடர்புபட்டது இந்த இரண்டாவதே எனப் பின்னர் வந்த ஆய்வுகளும் காட்டின. கணக்கின் படிகளுக்கு மனதில் வேண்டிய இடத்தைக் கவலை பிடித்துக்கொள்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு உரத்தே கேட்கும். "நீயாவது படித்து முன்னேறு" என்று அன்பினால் சொன்னதும் அங்கே பாரமாகிவிடுகிறது.

என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருவர் இப்போது தாதியர் பயிற்சி பெறுகிறார். பரீட்சகர் பக்கத்தில் நின்று பார்க்க, அவர் குருதியமுக்கம் அளந்து காட்ட வேண்டும். முதல் தடவை தன் நெஞ்சு துடிப்பதே காதில் கேட்டதாம். பிறகு தோழியைப் பரீட்சகராக நிறுத்தி, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லி, நேரம் பார்த்துப் பலமுறை பழகினார். "நடுக்கம் போகவில்லை சேர். ஆனால் அடுத்தது என்னவென்று கைக்குத் தெரிந்திருந்தது" என்றார்.

நீங்களும் இதையே செய்யலாம். கணிதம் இரண்டாம் வினாத்தாளில் 10 வினாக்களுக்கு 3 மணித்தியாலம். ஒன்றுக்கு 18 நிமிடம். லயக்காம்பராவில் தொலைக்காட்சிச் சத்தமும் தம்பி தங்கை சண்டையும் இருக்கத்தான் செய்யும். எனவே வாரத்தில் ஒரு நாளாவது பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ இரண்டு மூன்று பேர் கூடி, கொப்பியை மூடிவைத்து, கடந்தகால வினாத்தாள் ஒன்றை முழுமையாக எழுதுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பது மட்டும் போதாது. தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத்தான் அது தரும்.

2011இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வொன்றில், பரீட்சைக்கு முன் 10 நிமிடம் தம் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் புள்ளி பெற்றனர். பிந்திய ஆய்வுகள் எல்லாம் இதே பலனைக் காட்டவில்லை. ஆனாலும் செலவில்லாத முயற்சி. வீட்டிலேயே எழுதிவிடுங்கள், அந்தத் தாளை மண்டபத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சில கவலைகள் நியாயமானவை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியால் உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நிறுத்தப்பட்டு, 2026 ஜனவரியில்தான் தொடர்ந்தது. அது நம் கையில் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடிப்பது நம் கையில் உண்டு.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம்.

மண்டபத்தில் இரண்டாம் வினாத்தாளுக்கு 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரம் உண்டு. படபடப்பு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். உள்ளிழுப்பதைவிட நீண்ட நேரம் மூச்சை வெளிவிடுங்கள். நான்கைந்து தடவை போதும். பிறகு முதலாம் வினாவோடு மல்லுக்கட்டாமல், தெரிந்த வினா எதுவென்று தேடுங்கள். எழுதத் தொடங்க வேண்டியது அதிலிருந்துதான்.