வில்வங்காய்க் கசாயத்தை எப்படிச் சோதிப்பது?

தேத்தண்ணி ஆற முதல் குடியுங்கோ மாமி, பனங்கட்டியும் இருக்கு. வயித்தாலை போனால் வில்வங்காய் அவித்துக் குடிப்பது கரம்பொனில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அதை ஏன் இன்னும் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டீங்கள். பதில் கொஞ்சம் நீளம்.

எலியைப் பட்டினி போட்டு, மூலிகைச் சாற்றை வயிற்றுக்குள் இறக்குவார்கள். கொஞ்சம் பொறுத்து ஆமணக்கெண்ணெய் கொடுப்பார்கள். கூட்டுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து, சில மணிநேரம் அதில் எத்தனை ஈரப் புள்ளி விழுகிறது என்று எண்ணுவார்கள். புள்ளி குறைந்தால் மூலிகை வேலை செய்கிறது என்று கட்டுரை வரும். அப்படிக் கட்டுரைகள் ஏராளம். ஆனால் ஆமணக்கெண்ணெயிலுள்ள ரிசினோலியிக் அமிலம் குடல் தசையைத் தூண்டித்தான் பேதியாக்குகிறது. அது எந்தப் புரதத்தின் வழியாக என்பதை 2012இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகவே குடலை மந்தப்படுத்தும் சாறு எதுவானாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். கொலராவில் சங்கதி வேறு. அங்கே கிருமியின் நச்சு, குடல் சுவரிலிருந்து உப்பையும் தண்ணீரையும் கொட்ட வைக்கிறது. தசையை அடக்கினால் தண்ணீர் குடலுக்குள் தேங்கும். உடம்பு வற்றுவது நிற்காது.

இன்னொரு வழி, தட்டில் கிருமி வளர்த்து, சாற்றை விட்டு, செத்ததா என்று பார்ப்பது. மும்பையில் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட வில்வங்காய் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும், அவர்கள் தட்டோடு நிற்கவில்லை என்பதால். பழுக்காத காயைக் காயவைத்து, நீங்கள் செய்வதுபோலத் தண்ணீரில்தான் காய்ச்சினார்கள். சோதித்த ஆறு வகைப் பற்றீரியாவில் ஒன்றைக்கூட அந்தக் கசாயம் கொல்லவில்லை. பலர் அங்கேயே கோப்பை மூடியிருப்பார்கள். இவர்கள் மேலே கேட்டார்கள்: கிருமி கலத்தில் ஒட்டுகிறதா, உள்ளே நுழைகிறதா, நச்சுச் சுரக்கிறதா, அந்த நச்சு போய்ப் பற்றுகிறதா? ஒட்டுவதும் நுழைவதும் குறைந்தன. கொலரா நச்சு சுரப்பதும் பற்றுவதும் பாதிக்கப்பட்டன. ரோட்டா வைரசும் ஜியார்டியாவும் செத்தன. ஈ.கோலையின் வெப்பம் தாங்கும் நச்சை மட்டும் கசாயத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதெல்லாம் ஆய்வுகூடத்துக்குள். மனிதரில் சோதிப்பது இன்னும் சிக்கல். கசாயம் காய்ச்சும்போது கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கிருமி கொதித்தே செத்துவிடும். குடித்தவருக்கு இழந்த நீரும் கொஞ்சம் சேரும். அதோடு, வயிற்றோட்டம் பெரும்பாலும் சில நாளில் தானாகவே நிற்கும். வில்வமா, கொதிநீரா, காலமா? சுகப்பட்டவரைக் கேட்டால் வில்வம் என்றுதான் சொல்வார். அதனால் இரண்டு கூட்டம் வேண்டும். இரண்டுக்கும் நீரை ஈடுசெய்து, ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து, போகும் மலத்தை அளக்க வேண்டும்.

நாங்கள் காய்ச்சலுக்கு அவிக்கிற மரமஞ்சளில் பெர்பெரின் இருக்கிறது. அதை வங்காளதேசத்தில் இப்படித்தான் வளர்ந்தவர்களிடம் சோதித்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். நச்சுச் சுரக்கும் ஈ.கோலை பிடித்தவர்களுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். 24 மணிநேரத்தில் மருந்தெடுத்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு நின்றது. எடுக்காதவர்களில் 20 பேருக்கு. கொலராவில் பலன் சொற்பம். பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்து எழுதியதால்தான் எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை. வில்வங்காயையும் ஒருவர் இப்படி அளக்க வேண்டும்; கைதடியில் சித்த வைத்தியம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பேரப்பிள்ளைக்கு வயித்தாலை போனால் கசாயத்துக்கு அடுப்பு மூட்ட முதல், உப்பும் குளுக்கோசும் கலந்த ஜீவனிப் பக்கற்றைக் கரையுங்கோ. 1971இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்துக் கொடுத்துத்தான், நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவை நாலுக்கும் கீழே கொண்டுவந்தார். பிள்ளை சோர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. நாகக் (சிங்க்) குளிசையையும் அவர்களிடமே கேளுங்கோ. ஒன்று மறக்காதேங்கோ மாமி: உவர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜீவனி கரைக்கக் கூடாது, காய்ச்சினாலும் உவர் போகாது. ஒரு லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு என்று அளந்து போட்ட பக்கற் அது. உவர்நீர் சேர்ந்தால் உப்பு கூடிவிடும். பவுசரில் வரும் நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் கரையுங்கோ.