சுவருக்குள் போன கூலி

தைத்த சட்டையைக் கூலி வரும்வரை தையல்காரர் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். கட்டட வேலை செய்தவருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. சுவரில் ஏறிய செங்கல்லையும் தரைக்குள் புதைந்த குழாயையும் பெயர்த்தெடுத்தால் காசு தேறாது. வாஷிங்டன் நகரை உருவாக்கும் பணி தொடங்கியிருந்த 1791-இல், மேரிலாந்து மாநிலம் இதற்குச் சட்டத்தில் ஒரு வழி செய்தது. மேஸ்திரிகள் கைமுதல் போட்டு வீடு கட்ட முன்வர வேண்டுமானால், பாக்கிக்காக அந்த வீட்டின் மீதும் மனையின் மீதும் அவர்களுக்குப் பற்றுரிமை வேண்டும் என்று வகுத்தது. கலிஃபோர்னியா அந்த உரிமையைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறது.

அங்கே பற்றுரிமையைப் பதிந்ததும் சொத்தில் வில்லங்கம் ஏறுகிறது. உரிமையாளர் குடியிருக்கலாம், ஆனால் அதைத் தீர்க்காமல் விற்பதும் அடமானம் வைப்பதும் கடினம். விசாரணைக்கு முன்பே இப்படிச் சுமத்தலாமா என்ற வழக்கில், 1976-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அது சரியான தீர்ப்பு. ஏனெனில் இந்தப் பிடியின் ஆயுள் மிகக் குறைவு. வேலை முடிந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். வேலை முடிந்ததென்று உரிமையாளர் அறிவிப்புப் பதிந்துவிட்டால் நேரடி ஒப்பந்ததாரருக்கு 60 நாள், மற்றவர்களுக்கு 30 நாள்தான். பதிந்தபின் 90 நாளுக்குள் வழக்குப் போடாவிட்டால் அந்த உரிமையை நிலைநாட்ட முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. உரிமையாளர் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். ஒப்பந்ததாரர் அதைப் பிளம்பருக்குத் தராமல் விழுங்கிவிட்டார். பிளம்பரின் பற்றுரிமையோ வீட்டின் மீது வந்து நிற்கிறது. ஒரே வேலைக்கு இருமுறை பணம் கொடுப்பது கொடுமைதான். ஆனாலும் ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்தவர் உரிமையாளர். பிளம்பரின் உழைப்பை அனுபவிப்பவரும் அவரே. தடுக்கும் வழியும் அவர் கையில்தான் இருக்கிறது. துணை ஒப்பந்ததாரர் வேலை தொடங்கிய 20 நாளுக்குள் முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும். தினக்கூலித் தொழிலாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இருக்கவும் கூடாது. அறிவிப்பு அனுப்பியவர்களிடம் உரிமை விடுப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு தவணையை விடுவிக்கலாம். ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் இருவர் பெயரிலும் கூட்டுக் காசோலை எழுதலாம்.

அரசுக் கட்டடத்தின் மீது பற்றுரிமை கோர முடியாது. அதனால்தான் 1935-இன் மில்லர் சட்டம் மத்திய அரசின் பெரிய பணிகளுக்கு, துணை ஒப்பந்ததாரர்களின் பாக்கிக்கு ஈடாக உத்தரவாதப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியாவில் தனியாரும் அதே வழியில் போகலாம். ஒப்பந்தத் தொகையில் பாதிக்குக் குறையாத பத்திரத்தை, ஒப்பந்தத்தோடு சேர்த்து வேலைக்கு முன்பே பதிந்துவிட்டால், ஒப்பந்ததாரருக்கு இன்னும் தர வேண்டிய பாக்கியோடு உரிமையாளரின் பொறுப்பு நின்றுவிடும். மீதிக்குப் பத்திரம் கொடுத்த நிறுவனம் பதில் சொல்லும்.