அலாஸ்கா கப்பல் சுற்றுலா

அலாஸ்கா கப்பல் சுற்றுலா என்பது அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்தோ கனடாவின் வான்கூவரிலிருந்தோ புறப்பட்டு, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள சிற்றூர்களையும் பனியாறுகளையும் காணச் செல்லும் கடல் பயணமாகும். பெரும்பாலும் ஏழு இரவுகள் நீடிக்கும். ஏப்ரல் இறுதியில் தொடங்கும் பருவம் அக்டோபரில் முடிந்துவிடும். தாத்தா, பாட்டி முதல் பேரக்குழந்தைகள் வரை மூன்று தலைமுறையாகச் செல்லும் குடும்பங்களிடையே இப்பயணம் செல்வாக்குப் பெற்றுள்ளது. பெட்டியை ஒருமுறை பிரித்து அடுக்கினால் போதும். ஊர்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக அறை வாசலுக்கு வரும். நடக்க முடியாத பெரியவர்களும் மேல்தளத்தில் அமர்ந்தபடியே மலைகளைப் பார்க்கலாம்.

விளம்பரங்களில் கப்பல் தன் விருப்பப்படி உலவுவது போலத் தோன்றும். உண்மையில் அது எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பவற்றைப் பழைய சட்டம் ஒன்றும், பனியும், சில ஆயிரம் பேரே வாழும் ஊர்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

1886-ஆம் ஆண்டுச் சட்டம்

சியாட்டிலில் கிளம்பும் கப்பல்களில் பல கனடாவின் விக்டோரியா நகரில் ஏன் நிற்கின்றன என்று பல பயணிகள் வியப்பதுண்டு. பல கப்பல்கள் மாலையில் வந்து நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். ஊரைப் பார்க்க அது போதாது. காரணம், அமெரிக்கா 1886-இல் இயற்றிய பயணியர் கப்பல் சட்டம். அயல்நாட்டுக் கொடியுள்ள கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல அது தடை விதிக்கிறது. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பகாமாஸ், பனாமா, பெர்முடா, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே வழியில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆகவேண்டும்.

கொரோனாக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது இச்சட்டத்தால் அலாஸ்காப் பருவமே நின்றுபோகும் நிலை ஏற்பட்டது. 2021 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிய பிறகே கப்பல்கள் கிளம்பின.

குடும்பப் பயணத்தை இச்சட்டம் நேரடியாகத் தொடும் இடம் விசா. இந்தியக் கடவுச்சீட்டுடன் பிள்ளைகளைப் பார்க்கச் சியாட்டிலுக்கு வந்திருக்கும் பெற்றோருக்கு அமெரிக்க விசா மட்டும் போதாது. கனடா விசாவும், அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைய இடந்தரும் விசாவும் தேவை. பயணச்சீட்டு வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது இது. துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது அல்ல.

கப்பலில் கொண்டாட்டங்கள்

அறுபதாம் கல்யாணம், திருமண நாள், பிறந்தநாள் என ஏதேனும் ஒன்றை ஒட்டியே பல குடும்பங்கள் இப்பயணத்தை அமைத்துக்கொள்கின்றன. உணவுக்கூடத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கேக் மேசைக்கு வரும்; பரிமாறுவோர் கைதட்டிப் பாடுவர். ஒன்றிரண்டு இரவுகள் நல்ல உடை அணிந்து வரும் இரவாக அறிவிக்கப்படும். பட்டுப்புடவையும் வேட்டியும் அங்கே பொருத்தமாகவே இருக்கும். சைவ உணவும் கிடைக்கும், ஆனால் முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

நெருப்புக்கு மட்டும் கண்டிப்பான தடை. மெழுகுவத்தி, ஊதுவத்தி, சூடம் எதையும் அறையில் ஏற்றக் கூடாது. கடல் நடுவே கப்பல்காரர்கள் எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்சுவது தீயைத்தான். பழைய கடைசி இரவுச் சடங்கு ஒன்றும் இதனாலேயே மாறியது. ஐஸ்கிரீமை முட்டை வெண்கருக் கலவையால் மூடிச் சுட்டெடுக்கும் ‘பேக்டு அலாஸ்கா’ என்னும் இனிப்பைத் தீ எரிய ஏந்திக்கொண்டு பணியாளர்கள் அணிவகுத்து வருவார்கள். இப்போது அணிவகுப்பு நடக்கும் கப்பல்களில் தீச்சுடருக்குப் பதில் சிறு மின்விளக்குகள்தாம். ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா 1867-இல் வாங்கியதை ஒட்டி அந்த இனிப்புக்குப் பெயர் வந்தது என்பர்.

எல்லாக் கொண்டாட்டத்துக்கும் முன்னால் நடப்பது பாதுகாப்புப் பயிற்சி. 2012 சனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். புதிதாக ஏறியவர்கள் பலருக்கு அப்போது பயிற்சியே தரப்பட்டிருக்கவில்லை. அதன் பின் விதி இறுகியது. குழந்தைகளுக்கு எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதைப் பெற்றோர் நடந்தே காட்டிவிடுவது நல்லது.

துறைமுக நாட்கள்

துறைமுகத்தில் கிடைப்பது சில மணி நேரமே. கப்பல் கிளம்புவதற்கு அரைமணி முன்னதாக எல்லோரும் ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள். தனியாகச் சென்றவருக்காக நிற்க மாட்டார்கள். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் இதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அந்நகருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. கப்பலைத் தவறவிட்டால் விமானத்திலோ படகிலோதான் அடுத்த ஊருக்குப் போகமுடியும். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கைப்பேசி ஒரு நேரமும் கப்பல் ஒரு நேரமும் காட்டக்கூடும் என்பதால், கப்பல் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்பவர்கள் தப்பித்தார்கள்.

கெச்சிக்கன் மழைக்கும் சால்மன் மீனுக்கும் மரக் குலச்சின்னக் கம்பங்களுக்கும் பேர்போனது; குடையைவிட மழைச்சட்டை அங்கே உதவும். ஸ்காக்வே 1897–98 தங்க வேட்டையில் முளைத்த ஊர். 1898-இல் தொடங்கி 1900-இல் முடிக்கப்பட்ட ஒயிட் பாஸ் குறுகிய இருப்புப்பாதை, சுமார் 32 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 870 மீட்டர் உயரம் ஏறுகிறது. சுரங்கத் தொழில் சரிந்ததால் 1982-இல் மூடப்பட்ட இந்த ரயில், 1988-இல் சுற்றுலாப் பயணிகளுக்காகவே மறுபடி ஓடத் தொடங்கியது. பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான ஒன்று இவ்வழியில் இல்லை.

கப்பல்துறையை ஒட்டிய நகைக் கடைகளில் பல, பருவம் முடிந்ததும் பூட்டப்படுபவை. அங்கே செலவாகும் பணத்தில் எவ்வளவு ஊரில் தங்குகிறது என்பது உள்ளூரில் பழைய வாதம். ஹூனா என்ற சிற்றூர் வேறு வழியில் சென்றது. 1912-இல் கட்டப்பட்ட மீன் பதனிடும் ஆலையைப் புதுப்பித்து, டிலிங்கிட் பழங்குடியினரின் ‘ஹூனா டோட்டம்’ நிறுவனமே ‘ஐசி ஸ்ட்ரெய்ட் பாயின்ட்’ என்ற துறைமுகத்தை 2004 முதல் நடத்திவருகிறது.

பனியாற்று விரிகுடா

பனியாற்று விரிகுடா தேசியப் பூங்காவில் பெரிய கப்பல்கள் கரையில் நிற்பதில்லை. கோடையில் நாளொன்றுக்கு இரண்டு கப்பல்களுக்கே அனுமதி. பூங்காக் காவலர்கள் படகில் வந்து, கயிற்றேணியில் ஏறி, பயணிகளுக்கு விளக்கம் தருகிறார்கள். 1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் குழு வந்தபோது இவ்விரிகுடா முழுவதும் ஏறக்குறையப் பனிக்கட்டியே. 1879-இல் ஜான் மியூர் வந்தபோது பனி 60 கி.மீ.க்கும் மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் மிதந்து செல்லும் நீர்ப்பரப்பு அதுதான். அதற்கும் முன்பு அங்கே குடியிருந்த ஹூனா டிலிங்கிட் மக்களை, முன்னேறி வந்த பனியாறு துரத்தியது. அவர்கள் குடியேறிய ஊர்தான் மேலே சொன்ன ஹூனா. 2016-இல் பூங்காவுக்குள் அவர்களின் குலமனை ஒன்று மறுபடி எழுப்பப்பட்டது.

எத்தனை பேர்?

ஜூனோவின் மக்கள்தொகை சுமார் 32,000. 2023-இல் அங்கே கப்பலில் வந்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். நெரிசல், ஹெலிகாப்டர் இரைச்சல், புகை ஆகியவை பற்றிய முறையீடுகள் பெருகவே, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்ற வரம்பு நிறுவனங்களின் ஒப்புதலுடன் நடைமுறைக்கு வந்தது. சனிக்கிழமைகளிலும் ஜூலை 4 அன்றும் பெரிய கப்பல்களையே தடுக்க வேண்டும் என்ற முன்மொழிவு 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் தோற்றது. கப்பல் வரவால் பிழைக்கும் குடும்பங்களும் அதே ஊரில்தானே வாழ்கின்றன. ஆனால் அதற்கு முன்பே மற்றோர் உடன்பாடு எட்டப்பட்டிருந்தது. அதன்படி 2026 முதல் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் மொத்தப் படுக்கைகள் ஞாயிறு முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு 16,000-ஐயும், சனிக்கிழமைகளில் 12,000-ஐயும் தாண்டக் கூடாது.